ரிசல்ட் அன்னைக்கு வந்த ஒரு நியூஸ் கார்டால ரெண்டு வீடு பேசிக்கிறதில்ல, அப்பாவுக்கு இதை எப்படி புரிய வைக்கிறது?

ஒகேனக்கல்ரோடு | ஜூன் 19, 2024

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிச்சு பதில் சொல்லுங்க.

எங்க ஊரு பென்னாகரம் பக்கம், தர்மபுரி தொகுதி. அப்பா மளிகைக் கடை வெச்சிருக்கார். அவரு பாமக, எதிர் வீட்டு மாமா திமுக. ரெண்டு பேரும் இருவத்தஞ்சு வருஷமா அரசியல் பேசி சண்டை போட்டுட்டு அப்புறம் ஒண்ணா டீ குடிக்கிற ஆளுங்க, எங்க வீட்டுக்கு தண்ணியே மாமா வீட்டு போர்ல இருந்து தான் வருது.

ஜூன் 4, எம்.பி. எலெக்ஷன் ரிசல்ட் அன்னைக்கு காலைல பாமக வேட்பாளர் சௌமியா அன்புமணி முன்னிலைன்னு ஒரு சேனல் கார்டு அப்பாவோட வாட்ஸ்அப்புக்கு வந்துச்சு. அது பொய் இல்ல, அன்னைக்கு காலைல பல ரவுண்டு அவங்க தான் முன்னாடி இருந்தாங்க. அப்பா உடனே கடலை மிட்டாய் டப்பாவை திறந்து கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் குடுக்க ஆரம்பிச்சிட்டார், வாசல்ல ஒரு சரவெடியும் வெடிச்சாங்க. மாமா கூட வந்து மிட்டாய் வாங்கிட்டு "இந்த வாட்டி உங்களுக்கு தான்யா" அப்படின்னு சொல்லிட்டு போனார்.

சாயங்காலம் பாத்தா திமுக ஆ.மணி 21,300 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சிட்டார். ஆனா அப்பா போன்ல ராத்திரி ஏழு எட்டு மணி வரைக்கும் அதே காலை கார்டு தான் வேற வேற குரூப்ல இருந்து வந்துட்டே இருந்துச்சு. "இன்னும் முன்னிலைன்னு தானடா போட்டிருக்கான், எப்படி தோத்துச்சு?" அப்படின்னு என்கிட்ட போனை நீட்டுறார். அந்த கார்டை நான் நல்லா பாத்தேன், வேட்பாளர் போட்டோ, சின்னம், முன்னிலைன்னு பெரிய எழுத்து, அவ்ளோ தான். எத்தனை மணிக்கு, எத்தனாவது ரவுண்டுல, எவ்ளோ ஓட்டு எண்ணி முடிச்சப்ப அப்படின்னு ஒண்ணுமே இல்ல.

அதே ராத்திரி மாமா பையன் அந்த கார்டை ஸ்டேட்டஸ்ல வெச்சு மேல சிரிப்பு பொம்மை நாலு போட்டுட்டான். அப்பா கோவத்துல மாமாவை பாத்து "நீங்கல்லாம் மெஷினையே மாத்துனவங்க தானே"ன்னு கேட்டுட்டார். அன்னையில இருந்து பேச்சு இல்ல. தண்ணி இன்னும் வருது, ஆனா அம்மா தான் போய் கேட்டு மோட்டார் போட சொல்றாங்க.

இப்ப ரெண்டு நாளா புதுசா ஒண்ணு, மும்பைல போனுக்கு ஓடிபி வந்தா ஓட்டு மெஷினை திறக்கலாமாம்னு ஒரு பேப்பர் கட்டிங் சுத்துது. அப்பா அதை எடுத்து வெச்சுக்கிட்டு "அப்பவே சொன்னேன் பாத்தியா"ங்கிறார்.

என் கேள்வி ரெண்டு. சேனல்காரங்க ஏன் இப்படி நேரம் போடாம கார்டு விடுறாங்க, அப்புறம் ஏன் எடுக்க மாட்டேங்கிறாங்க? முன்னாடி இருந்தவங்க சாயங்காலம் தோக்குறது எப்படி நடக்குதுன்னு அப்பா மாதிரி ஒரு ஆளுக்கு எப்படி சொல்றது? கட்சி சண்டை வேணாம், ப்ளீஸ்.


பழையடெஸ்க் | ஜூன் 19

நண்பா, நான் ஒரு சேனல்ல டிஜிட்டல் டெஸ்க்ல நாலு வருஷம் இருந்தேன், 2021 ரிசல்ட் அன்னைக்கு கார்டு போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். அதனால முதல் கேள்விக்கு நான் பதில் சொல்றேன்.

ரிசல்ட்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே எல்லா தொகுதிக்கும் டெம்ப்ளேட் ரெடி பண்ணிருவோம். ஒவ்வொரு வேட்பாளர் போட்டோவும் கட் பண்ணி, கீழ ஒரு பட்டை. அந்த பட்டையில முன்னிலை, பின்னடைவு, வெற்றி, இந்த மூணு வார்த்தைல ஒண்ணு மாறும். எட்டு மணிக்கு தபால் ஓட்டு எண்ண ஆரம்பிச்சதுமே கவுன்டிங் சென்டர் வாசல்ல நிக்கிற ரிப்போர்ட்டரும், பகுதி நேர ரிப்போர்ட்டரான ஸ்ட்ரிங்கரும் வாட்ஸ்அப் குரூப்ல போட ஆரம்பிப்பாங்க. அவங்களுக்கு நம்பர் எங்க இருந்து வருதுன்னா உள்ள இருந்து வெளிய வர்ற கட்சி ஏஜென்ட்கிட்ட இருந்து, மைக்ல சொல்றதுல இருந்து. தேர்தல் ஆணையம் சைட்ல அதே நம்பர் ஏற இன்னும் நேரம் ஆகும், அதுவரைக்கும் காத்திருந்தா அடுத்த சேனல் போட்டுருவான். "அவன் போட்டுட்டான், நம்மளது எங்க?"ன்னு தான் அன்னைக்கு முழுக்க கேள்வி வரும், சரியா இருக்கான்னு யாரும் கேக்க மாட்டாங்க.

நேரம் ஏன் போடலன்னு கேட்டீங்களே, நான் அதை டெஸ்க்ல கேட்டிருக்கேன். நேரம் போட்டா பத்து நிமிஷத்துல கார்டு பழசாயிடும், ஷேர் ஆகாதுன்னு சொன்னாங்க. அதாவது பழசுன்னு தெரியக் கூடாதுன்னு தெரிஞ்சே தான் விடுறது. இது எனக்கு இன்னைக்கு வரைக்கும் உறுத்துற விஷயம்.

இன்னொண்ணு, ஃபேஸ்புக் நேர வரிசைல காட்டாது. எந்த போஸ்ட்டுக்கு கீழ கமென்ட் நிறைய விழுதோ அதை தான் மேல தூக்கும். தர்மபுரி மாதிரி தொகுதில காலைல போட்ட முன்னிலை கார்டுக்கு கீழ ரெண்டு கட்சிக்காரங்களும் அடிச்சுக்கிட்டு கிடப்பாங்க, அதனால அந்த கார்டு சாயங்காலம் ஆறு மணிக்கும் மேல வந்து நிக்கும். சாயங்காலம் போட்ட வெற்றி கார்டு கீழ கிடக்கும், அதுல ஜெயிச்சவங்க மட்டும் வாழ்த்து போட்டிருப்பாங்க. வாட்ஸ்அப்ல இன்னும் மோசம், படத்தை டவுன்லோட் பண்ணி அனுப்பிட்டா எப்ப வந்ததுங்கிற அடையாளமே போயிடும்.

எடுக்குறதை பத்தி. தப்பான கார்டுன்னா சத்தம் இல்லாம டெலிட் பண்ணுவாங்க, திருத்தம்னு ஒண்ணு போட மாட்டாங்க. அப்ப சரியா இருந்த கார்டுன்னா அதை எடுக்கவே மாட்டாங்க, "நாம பொய் சொல்லலையே"ன்னு வாதம். அடுத்தவன் நம்ம லோகோ வெச்சு போலி கார்டு பண்ணா மட்டும் சிவப்புல போலின்னு முத்திரை குத்தி உடனே போடுவாங்க.

உங்க அப்பா மேல தப்பே இல்ல. அவருக்கு வந்தது கடிகாரத்தை கழட்டி வெச்சுட்டு அனுப்புன உண்மை.


கணக்குடீச்சர் | ஜூன் 19

தம்பி, ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். நான் அரசுப் பள்ளியில கணக்கு டீச்சர், 2021லயும் இந்த வாட்டியும் கவுன்டிங் டூட்டி பாத்தேன், எந்த தொகுதின்னு வேணாம். உள்ள உக்காந்து எண்ணுனவ சொல்றான்னு அப்பாகிட்ட சொல்லுங்க.

ஒரு எம்.பி. தொகுதிக்குள்ள ஆறு சட்டமன்ற தொகுதி. உங்களுக்கு பென்னாகரம், தர்மபுரி, பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், அப்புறம் சேலம் மாவட்டத்துல இருக்கிற மேட்டூர். ஆறுக்கும் தனித்தனி ஹால். ஒரு ஹால்ல பொதுவா 14 டேபிள், அதாவது ஒரு ரவுண்டுக்கு 14 பூத்தோட மெஷின். பூத்தை நம்பர் வரிசைல தான் எடுத்துட்டு வருவாங்க, குலுக்கிப் போட்டு எடுக்குறது இல்ல. அதனால ஒரு கட்சிக்கு பலமான ஊர்களோட பூத் முதல் ரவுண்டுகள்ல வந்துட்டா அவங்க முன்னிலை, அடுத்த பக்கத்து ஊர்கள் வர்றப்ப அது கரையும். ஒரு ஹால் வேகமா போகும், இன்னொரு ஹால் பின்தங்கி இருக்கும், அதனாலயும் மொத்தக் கணக்கு ஆடும். அப்பாகிட்ட கடை கணக்கு மாதிரி சொல்லுங்க, காலைல பத்து மணி வரைக்கும் வந்த கல்லாப் பணத்தை எண்ணி இன்னைக்கு வியாபாரம் இவ்ளோன்னு சொல்ல முடியுமா?

எண்றது எப்படின்னா, ஓட்டு பதிவாகி இருக்கிற கன்ட்ரோல் யூனிட்டை டேபிள்ல வெச்சு சீல் நம்பரை ஏஜென்ட்டுங்களுக்கு காட்டணும், அவங்க கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருப்பாங்க. அவங்க கைல 17சி ஃபாரம் காப்பி இருக்கும், ஓட்டுப்பதிவு முடிஞ்ச அன்னைக்கே பூத்துல குடுத்தது, அந்த பூத்துல மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்துச்சுன்னு அதுல எழுதியிருக்கும். மெஷின்ல டோட்டல் காட்டும், அது 17சியோட ஒத்துப் போகணும். அப்புறம் தான் ரிசல்ட் பட்டனை அமுக்குவோம், ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனைன்னு வரிசையா ஓடும், நான் வாய்விட்டு படிப்பேன், பக்கத்துல இருக்கிறவர் எழுதுவார், மேற்பார்வைக்கு இருக்கிற மைக்ரோ அப்சர்வர் தனியா எழுதுவார், ஏஜென்ட்டுங்க அவங்க பேப்பர்ல எழுதிக்குவாங்க. எனக்கு எதிர்ல உக்காந்திருந்த ஒரு பெரியவர் பென்சிலை நாக்குல தொட்டு தொட்டு எழுதிட்டு, நான் வேகமா படிச்சா "மெதுவாம்மா, மறுபடி சொல்லு"ன்னு நிறுத்துவார், நான் மறுபடி சொல்லுவேன். எல்லா கட்சி ஆளும் அந்த கணக்குல கையெழுத்து போடுவாங்க. போன் எடுத்துட்டு போக முடியாது. கடைசில ஒவ்வொரு சட்டமன்ற தொகுதிக்கும் அஞ்சு பூத் குலுக்கல்ல எடுத்து ஓட்டு போட்டப்ப மெஷின் அச்சடிச்ச விவிபேட் சீட்டையும் கையால எண்ணி பாப்போம்.

மும்பை விஷயம் தனி. வடமேற்கு மும்பைல 48 ஓட்டுல ஒருத்தர் ஜெயிச்சார், அங்க கவுன்டிங் சென்டர்ல போன் வெச்சிருந்ததுன்னு கேஸ் ஆச்சு. அதை ஒரு பேப்பர் போனால மெஷினை திறந்தாங்கன்னு எழுதிருச்சு. தேர்தல் அதிகாரி மறுநாளே... இல்ல அன்னைக்கே பிரஸ் மீட் வெச்சு மெஷினுக்கு ஓடிபியே கிடையாது, அது எந்த நெட்வொர்க்கோடவும் சேராதுன்னு சொன்னாங்க, பேப்பரும் தப்புன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பு போட்டுச்சு. ஓடிபி எதுக்குன்னா, எண்ணி முடிச்ச நம்பரை சைட்ல ஏத்துறதுக்கு என்கோர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அந்த லாகினுக்கு. ஆனா ராகுல் காந்தி அந்த கட்டிங்கோட எக்ஸ்ல போட்டார், அதே சமயத்துல எலான் மஸ்க் வேற மெஷினையே ஒழிக்கணும்னு பதிவு போட்டிருந்தார், அது போன தூரத்துல பத்துல ஒரு பங்கு கூட மன்னிப்பு போகல. உங்க அப்பாவுக்கு கட்டிங் வந்துச்சு, மன்னிப்பு வந்துச்சான்னு கேட்டு பாருங்க.


சிவகாசிகாரன் | ஜூன் 20

எங்க விருதுநகர் தொகுதில இதே கதை தான் தலைவா, இன்னும் நெருக்கமா. தேமுதிக விஜய பிரபாகரன் முன்னிலை, காங்கிரஸ் மாணிக்கம் தாகூர் முன்னிலை, மறுபடி விஜய பிரபாகரன்னு நாள் பூரா மாறிட்டே இருந்துச்சு, கடைசில தாகூர் 4,379 ஓட்டுல ஜெயிச்சார். தேமுதிக பிரேமலதா மறு எண்ணிக்கை கேட்டாங்க, கேக்குறது அவங்க உரிமை, அதை தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்க அச்சாபீஸ்ல வேலை பாக்குற பசங்க ரெண்டு குரூப்பா பிரிஞ்சு ஆளுக்கு ஒரு நேரத்து கார்டை காட்டி அடிச்சுக்கிட்டாங்க, ரெண்டு பேர் வெச்சிருந்ததும் ஒரே சேனல் கார்டு. ரெண்டுலயும் நேரம் கிடையாது.


தேர்தல்கணக்கு | ஜூன் 20

கவுன்டிங் பத்தி டீச்சர் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. நான் ரிசல்ட்டுக்கு அடுத்த நாள்ல இருந்து கட்சிங்க போடுற கார்டை பத்தி சொல்லணும், ஏன்னா சேனலை மட்டும் திட்டிட்டு இவங்களை விட்டுரக் கூடாது.

தமிழ்நாட்டுல 39ம் புதுச்சேரியும் சேத்து திமுக கூட்டணி 40க்கு 40. அந்த நம்பரை மட்டும் பெருசா போட்டாங்க, திமுகவோட சொந்த ஓட்டு 26.93 சதவீதமா 2019ஐ விட இறங்குனது எந்த கார்டுலயும் இல்ல. அதிமுக ஒரு இடம் கூட ஜெயிக்கல, ஆனா 20.46 சதவீதம், போன தடவையை விட ஒரு சதவீதம் கூடிருச்சுன்னு எடப்பாடி பழனிசாமி சொன்னார், ஐ.டி. விங் அதை கார்டா அடிச்சு விட்டுச்சு. இந்த வாட்டி இரட்டை இலை 34 தொகுதில நின்னுச்சு, 2019ல இருவது சொச்சம் தான். பாஜக 3.66ல இருந்து 11.24க்கு வந்துட்டோம்னு போட்டாங்க, அது பெரிய வளர்ச்சி தான், மறுக்கல, ஆனா 2019ல அஞ்சு தொகுதில நின்ன தாமரை இப்ப 23ல நின்னுச்சு, அந்த வரி கார்டுல இருக்காது. மூணு கட்சியும் சொன்ன நம்பர் மூணும் சரி. மூணுலயும் பக்கத்துல வெச்சு பாக்க வேண்டிய எண்ணை எடுத்துட்டாங்க. உங்க கார்டுல கடிகாரம் இல்லாத மாதிரியே தான் இதுவும்.

எக்ஸிட் போல் கதையும் இது தான். ஜூன் 1 ராத்திரி ஆக்சிஸ் மை இந்தியா பாஜக கூட்டணியான என்டிஏவுக்கு 361ல இருந்து 401ன்னு சொன்னுச்சு, வந்தது 293, பாஜகவுக்கு மட்டும் 240. அந்த நிறுவனத்தோட பிரதீப் குப்தா 4ஆம் தேதி லைவ்லயே அழுதுட்டார். அந்த அழுகை எல்லா சேனல் ரீல்ஸ்லயும் ஓடுச்சு, ஆனா எங்க கணக்கு தப்பாச்சு, சாம்பிள்ல எங்க ஓட்டை விழுந்துச்சுன்னு எந்த சேனலாவது அதே அளவுக்கு போட்டுச்சா? 1ஆம் தேதி ராத்திரி பூரா அந்த நம்பரை வெச்சு விவாதம் நடத்துனவங்க தானே.

அப்புறம் 12ஆம் தேதி விஜயவாடா மேடை. சந்திரபாபு நாயுடு பதவியேற்பு, அமித் ஷா தமிழிசையை கூப்பிட்டு விரலை ஆட்டி ஏதோ சொல்றார், சில செகண்ட் வீடியோ, சத்தம் கிடையாது. அந்த சத்தமில்லாத வீடியோவுக்கு எத்தனை குரல் குடுத்தாங்க பாருங்க, "கண்டித்தாரா?" "எச்சரித்தாரா?"ன்னு கேள்விக்குறி போட்டு தம்ப்நெயில். மறுநாள் தமிழிசையே எக்ஸ்ல, தொகுதி வேலையும் கட்சி வேலையும் தீவிரமா பண்ண சொன்னார்னு எழுதுனாங்க. அவங்க சொன்னதை நம்புறதும் நம்பாததும் அவங்கவங்க இஷ்டம், ஆனா கேக்காத பேச்சை கேட்ட மாதிரி தலைப்பு போடுறது எந்த வகையில செய்தி? அந்த கேள்விக்குறி தான் எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம், அது ஒண்ணை வெச்சுக்கிட்டு எதையும் போட்டுட்டு எதுக்கும் பொறுப்பேத்துக்காம போயிடலாம்.

கிருஷ்ணகிரி பக்கம் நடு ரோட்டுல அண்ணாமலை படத்தை ஆட்டு கழுத்துல மாட்டி வெட்டுன வீடியோ வந்துச்சு இல்ல, கோயம்புத்தூர்ல அவர் 1,18,068 ஓட்டுல தோத்ததுக்கு கொண்டாட்டமாம். அதை மங்கலாக்காம கூட ஓட விட்டாங்க சில பேஜ்ல. பக்கத்துல சின்னப் பசங்க நின்னு பாத்துட்டு இருந்தாங்க. ஜெயிச்சவங்க தோத்தவங்களை இப்படி பண்றதை மேல இருக்கிற தலைவருங்க ஒரு பதிவு போட்டு நிறுத்த சொல்லலாம், வெற்றிக்கு நன்றின்னு போட முடிஞ்சவங்களுக்கு அது முடியாதா?


பழையடெஸ்க் | ஜூன் 20

கேள்விக்குறி பத்தி சொன்னது அத்தனையும் உண்மை. டெஸ்க்ல அதுக்கு ஒரு பழக்கமே இருக்கு, ஊர்ஜிதம் ஆகலன்னா கேள்விக்குறி போட்டு விடுன்னு தான் சொல்லுவாங்க.

ஒண்ணு சேத்துக்குறேன். அரசியல்வாதிங்க பேஜை இப்ப டெஸ்க்கே பாத்துட்டு உக்காந்திருக்கும். 2021 மே 7 ஸ்டாலின் பதவியேத்த அன்னைக்கு "முத்துவேல் கருணாநிதி ஸ்டாலின் எனும் நான்"ங்கிற கிளிப் ஓடிட்டு இருக்கும்போதே ட்விட்டர்ல அவர் பேருக்கு கீழ இருந்த குறிப்பு மாறுச்சு, திராவிட இனத்தைச் சேர்ந்தவன்னு. உடனே அதுவே ஒரு செய்தி. மோடி 2019 ரிசல்ட் அன்னைக்கே பேருக்கு முன்னாடி இருந்த சௌகிதாரை (காவலாளி) எடுத்தார், இந்த வாட்டி ஜூன் 11ல ஆதரவாளருங்க பேரோட சேத்திருந்த மோடி கா பரிவாரை (மோடியோட குடும்பம்) எடுக்க சொன்னார், ரெண்டும் பிரேக்கிங். நிருபர் கேள்வி கேக்க வேண்டிய இடத்துல ஸ்கிரீன்ஷாட் எடுத்து போடுறதோட வேலை முடிஞ்சிருது. தர்மபுரில ரவுண்டு வாரியா என்ன நடந்துச்சுன்னு ஒரு ஆள் உக்காந்து எழுதியிருந்தா ஒகேனக்கல்ரோடு இன்னைக்கு இந்த கேள்வியே கேட்டிருக்க வேண்டாம்.


ஒகேனக்கல்ரோடு | ஜூன் 23

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சரம்மா எழுதுனதை அப்பாவுக்கு ரெண்டு தடவை படிச்சு காமிச்சேன். கல்லாப் பண உதாரணம் டக்குன்னு பிடிச்சுக்கிட்டார். "சாயங்காலம் மேட்டூர் பக்கம், அரூர் பக்கம் வந்திருக்கும்னு சொல்ல வர்றீங்களா?"ன்னு அவரே கேட்டார். மும்பை பேப்பர் மன்னிப்பு கேட்டதை தேடி காமிச்சேன், இங்கிலீஷ்ல இருந்ததால நான் தான் படிச்சு சொன்னேன், கொஞ்ச நேரம் பேசல.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், நம்ம பூத்துல எவ்ளோ விழுந்துச்சுன்னு தெரிஞ்சுக்க முடியுமான்னு. டீச்சரம்மா, அது எங்க கிடைக்கும்?


கணக்குடீச்சர் | ஜூன் 23

கிடைக்கும் தம்பி. ஃபாரம் 20ன்னு ஒண்ணு, பூத் வாரியா யாருக்கு எத்தனைன்னு இருக்கும், தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி சைட்ல போடுவாங்க. அதுவரைக்கும் உங்க பூத்துல அப்பா கட்சி சார்பா உக்காந்த ஏஜென்ட் யாருன்னு விசாரிங்க, அவர்கிட்ட 17சி காப்பி இருக்கும், மொத்த ஓட்டு அதுல இருக்கும். கவுன்டிங் டேபிள்ல உக்காந்தவர் ஒருத்தரை பிடிச்சா பென்சில்ல எழுதுன பேப்பர் கூட வெச்சிருப்பார்.


ஒகேனக்கல்ரோடு | ஜூன் 25

விசாரிச்சோம். அப்பா கட்சி ஏஜென்ட் கிருஷ்ணகிரில மக வீட்டுக்கு போயிட்டாராம், வர பத்து நாள் ஆகும். திமுக சார்பா எங்க பூத்துல உக்காந்தது யாருன்னு பாத்தா எதிர் வீட்டு மாமா தான், எனக்கே மறந்து போச்சு. 17சி காப்பியை சாமி படத்துக்கு பின்னாடி மடிச்சு வெச்சிருக்கார்னு அத்தை அம்மாகிட்ட சொன்னாங்களாம்.

அப்பா நேத்து சாயங்காலம் கடையை கொஞ்சம் சீக்கிரமே சாத்திட்டு மாமா வீட்டு திண்ணைல போய் உக்காந்தார். என்ன பேசினாங்கன்னு கேக்கல. திரும்பி வர்றப்ப கைல அந்த பேப்பர் இருந்துச்சு, பின்னாடி மாமா பால்பென்னால ஏதோ கூட்டல் போட்டிருந்தார். ஃபாரம் 20 சைட்ல ஏறுனதும் ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாக்கணும்னு சொல்லிருக்கார், லிங்க் வந்தா யாராவது இங்க போடுங்க.